அந்தப் பொண்ணு நடிக்கல

நெல் கொள்முதல் நிலைய வீடியோவைப் பார்க்காதவர்கள் லிங்க் கேட்காதீர்கள், தரமாட்டேன். 62 சிப்பத்தை (நெல் மூட்டை) 26 என்று எழுதிவிட்டார் பில் கிளார்க்காக இருக்கும் அந்தப் பெண். யாரும் சொல்வதற்கு முன் அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். அப்புறம்தான் கை நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பக் கூட்டினார், வரிசை நின்றது. வீடியோவுக்குக் கீழே கமெண்டில் டெல்டாவின் அத்தனை மனநல நிபுணர்களும் வந்து "சீன் போடுது" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சீன் இல்லைங்க. நடிப்பு இல்லை.

தப்பு செய்யும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தலையில் மூளையின் மின் அலையைப் பதியும் மின்முனைத் தொப்பி மாட்டி, திரையில் அம்புக்குறிகளைக் காட்டுவார்கள். நடு அம்பு பார்க்கும் பக்கத்துப் பொத்தானை அழுத்தணும், ஓரத்து அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். நூற்றுக்கணக்கான தடவை, படு வேகமாக. தப்பான பொத்தானை அழுத்திய 50 முதல் 100 மில்லிவிநாடிக்குள், உச்சந்தலைக்குச் சற்று முன்பக்கம் ஒரு எதிர்மின் அலை பதிவாகும். சில மைக்ரோவோல்ட்தான், தப்புகளை மட்டும் சேர்த்து சராசரி எடுத்தால்தான் தெரியும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டறிந்தது இது. பதற்றக் கோளாறு, ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்) உள்ளவர்களுக்கு இந்த அலை சராசரியாகப் பெரியது. 'ஐயோ தப்பு' என்று தெளிவாக உணர்வதோடு சேர்ந்த அலை அதற்கும் பின்னால், 200 மில்லிவிநாடி தாண்டி வருகிறது. நூறு மில்லிவிநாடிக்குள் யார் நடிப்பது?

கை நடுக்கமே அந்த அலை என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு நோய் என்றும் சொல்லவில்லை. இது குழுக்களின் சராசரி, ஒருத்தர் தலையில் தொப்பி மாட்டி நோயைக் கண்டுபிடிக்க முடியாது. மனச்சோர்வில் இத்தனை சீரும் இல்லை: சில ஆய்வுகளில் அலை பெரிது, சிலவற்றில் சிறிது. அங்கே அடிக்கடி தெரிவது, பரிசு கிடைத்தாலும் மூளை மந்தமாகப் பதில் தருவது. இவ்வளவு பிரித்துச் சொன்னாலும் "எல்லாத்துக்கும் டிப்ரஷன்னு சொல்லுங்க" என்று ஒருத்தர் வருவார். வரட்டும்.

"தப்பு செஞ்சா அதட்டக்கூடாதா?" அதட்டுங்கள், விளைவைத் தெரிந்துகொண்டு அதட்டுங்கள். ஒரு பரிசோதனையில் தப்புக்குத் தண்டனையாகக் காதைப் பிளக்கும் சத்தம் வைத்தார்கள். அலை பெரிதானது. சத்தத்தை நிறுத்திய பிறகும் பெரிதாகவே இருந்தது. வரிசையில் நின்று கத்தினீர்களே, அதுவும் சத்தம்தான். திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் உதவாது. பார்க்கப் பார்க்க, பார்த்த நினைவின் மேலேயே நம்பிக்கை குறையும் என்று ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். அவரும் யாருக்காக நடிக்கிறார்?

விவசாயி கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஒரு நிமிஷமும் பெரிசுதான். அதற்காகத்தான் சொல்கிறேன். தப்பான எண்ணை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம். சிப்ப எண்ணிக்கையை ஒருத்தர் சத்தமாக வாசிக்க, கிளார்க் ஒரே தடவை சரிபார்க்கணும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரும் குரல் கொடுக்கக்கூடாது. வரிசை நகரும். செலவு ஒரு பைசா இல்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம், ஆனால் லைக் வராதே.

அதட்டாமலே அந்த அலையைச் சிறிதாக்கவும் முடிந்திருக்கிறது. எப்போதும் கவலைப்படும் கல்லூரி மாணவர்களை அம்பு சோதனைக்கு முன்னால் 8 நிமிஷம் தங்கள் கவலையை எழுத வைத்தார்கள். அந்த அலை சிறிதானது, வேலைத்திறன் குறையவில்லை.

கடைசியாக, கமெண்டில் வந்த ஒரு ஞானி: "பயப்படுறவங்க வேலையை விட்டுப் போகட்டும்." ஐயா, இந்தச் சோதனைகளில் பதற்றக்காரர்கள் பெரும்பாலும் மற்றவர்களைவிட அதிகமாகத் தப்பு செய்வதில்லை. மூளை கூடுதலாக உழைத்து அதே அளவுக்குச் சரியாகச் செய்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். 62ஐ 26 என்று எழுதிவிட்டுப் பதறாமல் சீல் குத்திக் கொடுக்கிற தைரியசாலி கிளார்க் உங்களுக்கு வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 36 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ. நஷ்டக் கணக்கை நீங்களே போடுங்கள்.