பழைய ரிவால்வரின் விலையும் தரமும்

உசிலம்பட்டியில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் அப்பா வைத்திருந்த .32 வெப்ளி ரிவால்வர், இப்போது பேரன் பெயரில் லைசன்ஸ். யாரோ லட்சக்கணக்கில் விலை பேசியிருக்கிறார்கள். "மாமா, அந்தக் காலத்து இரும்புக்குத்தானே இவ்வளவு கேக்குறாங்க? இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்கு" என்றான் பையன்.

போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக, முப்பது வருடம் பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்கிற ஆயுத அறையே கதியென்று கிடந்தவன் நான். இந்தப் பேச்சை ரிசர்வ் லைன் டீக்கடை தொடங்கி கல்யாண வீடு வரைக்கும் கேட்டாச்சு. எனக்கு உடன்பாடில்லை.

முதலில் விலை. 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது நின்றுபோனது. அதற்கு முன்னால் வந்தவைதான் இன்றுவரை கைமாறிக்கொண்டிருக்கின்றன. புது வெளிநாட்டுச் சரக்கு வராத சந்தையில் விலை ஏறத்தான் செய்யும்.

அதற்காகப் பழசைக் குறைத்துப் பேச மாட்டேன். வெப்ளியை மடக்கித் திறந்தால் சுட்டு முடித்த ஆறு தோட்டாக் கூடும் ஒரே வீச்சில் வெளியே வந்து விழும், அந்த அழகே தனி. ஃபிட்டர் ஒவ்வொரு உறுப்பையும் அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவிச் சேர்த்த வேலை. திருப்பாச்சேத்திப் பட்டறையில் ஒரு அருவாளுக்கென்று செதுக்கிய பிடி இன்னொன்றுக்குச் சேராது இல்லையா, அதேபோலத்தான். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு பல் தேய்ந்தால் இன்னொன்றிலிருந்து கழற்றி அப்படியே மாட்ட முடியாது. அரம் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும்; அந்தக் கைகள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன.

பையன் சொன்ன பிளாஸ்டிக்குக்கு வருவோம். 1982ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட குளோக் 17 பிஸ்டலை, ஆணி தட்டி எடுக்கும் ஒரு சின்னக் கம்பியை வைத்தே முழுசாகப் பிரித்துவிடலாம். உடைந்ததை எடுத்துப் புதுசைப் போட்டால் வேலை முடிந்தது. பாலிமர், அதாவது பிளாஸ்டிக் உடம்பு வியர்வைக்குத் துருப்பிடிக்காது. ட்ரிக்கரை இழுத்தால்தான் உள்தடுப்பு விலகும் என்பதால் கீழே விழுந்தாலும் வெடிக்காது. பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுழலும் சிலிண்டரில், தோட்டாவை அடிக்கும் ஹேமருக்கு நேரான தோட்டா அறையைக் காலியாக விட்டுத்தான் இடுப்பில் செருகுவார்கள்.

பழைய பேரல்களில், அதாவது துப்பாக்கிக் குழாய்களின் உள்ளே, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருக்கும். இரும்பின் மேல் பழி போடாதீர்கள். அன்றைய தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பேரலுக்குள் உப்பாகப் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணி விட்டுத் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். சுட்ட அன்றைக்கே செய்யணும். அப்படிப் பார்த்துக்கொண்டவர்களின் துப்பாக்கிதான் நம் கைக்கு வந்திருக்கிறது. மற்றதெல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. அவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதுசிலும் மனக்குறை உண்டு. உள்ளே கடைசல் கோடு அப்படியே தெரிய, ட்ரிக்கர் கரகரவென்று வருகிற ரிவால்வர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு காசு வாங்குகிறவர்கள் அந்த மெருகு வேலையை ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டாமா? கோபமாக வருகிறது.

பையனின் ரிவால்வரைத் திறந்து, காலிதான் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஹேமரை மெல்ல இழுத்து அறை அறையாக நிறுத்தினேன். ஐந்து அறை பேரலுக்கு நேராகப் பூட்டி நின்றது. நாலாவது மட்டும் மயிரிழை விலகி ஆடியது. அந்த அறையில் சுட்டால் ஈயக்குண்டு பேரல் விளிம்பில் உரசி, சீவல் பக்கவாட்டில் தெறிக்கும்.

"மாப்ள, சிலிண்டரத் திருப்புற பல் தேஞ்சிருச்சு. லைசன்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட காட்டுற வரைக்கும் ஒரு தோட்டாகூடப் போடாத."

தாத்தா வைத்திருந்த அதே மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.