பச்சை எரிந்தால் லைன் சுத்தமா?

"நிர்வாகப் பக்கத்தில் போர்ட் பச்சையாக இருந்தால் லைன் சுத்தம், வேறெதையும் பார்க்க வேண்டாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. இணைப்பு அறுபடவில்லை என்பதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது. ஜிபான் ஃபைபரில் (ஒரே ஒளியிழையைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துத் தரும் முறை), பி பிளஸ் என்ற ஒளிக்கருவி வகை என்றால், வாடிக்கையாளர் முனைக் கருவி தாங்கும் எல்லை -27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; மைனஸில் எண் கூடக்கூட ஒளி பலவீனம்). -26.5 வந்தாலும் பச்சைதான் எரியும். கனெக்டரில் கொஞ்சம் தூசி படிந்தால் போதும், லைன் போய்விடும். அதனால் ரிசீவ் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் வலிமையைப் பாருங்கள், அப்புறம் பிழை எண்ணிக்கையையும். அது பெரும்பாலும் கடைசி ரீஸ்டார்ட்டிலிருந்து கூடிக்கொண்டே வரும் கணக்கு. பெரிய எண்ணைக் கண்டதும் பதற வேண்டாம், சிறிது நேரம் கழித்து இன்னும் ஏறுகிறதா என்று பாருங்கள். சரி, நள்ளிரவில் யார் உட்கார்ந்து பார்ப்பது? எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) டிராப் என்ற தானியங்கி எச்சரிக்கையை அமைத்து வையுங்கள், வரம்பு தாண்டினால் கருவியே தகவல் அனுப்பும்.