வீட்டு வரி போனால் பள்ளிக்கு யார் படியளப்பது?

டாலஸ் பக்கம் வாழும் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரே கொண்டாட்டம். டெக்சஸில் சொந்த வீட்டில் குடியிருப்போருக்குப் பள்ளிச் சொத்து வரியை அடியோடு ஒழிக்க வேண்டும், அதற்காக மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஆளுநர் கிரெக் அபட் சொல்லி வருகிறார். அந்தச் செய்தியை யாரோ பகிர்ந்ததும் பட்டாசுப் படங்கள் வரிசை கட்டின. "அப்படியானால் பள்ளிக்குப் பணம்?" என்று நான் கேட்டேன். "அரசு கொடுக்கும்" என்று ஒரு நண்பர் பதில் போட்டார். அந்த இரண்டு சொற்கள்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்திருக்கின்றன.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் வசந்தத்தில் வீட்டு மதிப்பீட்டு அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாக எதிர்ப்பு மனுப் போடுகிறவன் நான். வரி குறைந்தால் எனக்கும் இனிக்கும்.

ஆனால் இந்த வரி எப்படிப் பள்ளிக்குப் போகிறது என்பதில் நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வீட்டு விலை ஏறிவிட்டது, வரியும் ஏறிவிட்டது, எனவே பள்ளிகள் பணத்தில் புரள்கின்றன என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு, எவ்வளவு தேவை என்பதை மாணவர் கணக்கை வைத்து மாநிலச் சூத்திரம்தான் தீர்மானிக்கிறது. அது 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வரியில் 60 வந்தால் மாநிலம் 40 கொடுக்கும். வீட்டு மதிப்புகள் ஏறி உள்ளூரில் 70 வசூலானால் மாநிலம் 30 கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பள்ளிக்குக் கிடைப்பது அதே 100 தான். நாம் கூடுதலாகக் கட்டியது தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் மாநிலக் கஜானாவுக்குத்தான் மிச்சம். உள்ளூர் வசூல் 100-ஐத் தாண்டினால் மிகுதியை மாநிலம் எடுத்துக்கொள்ளும். 1993 முதல் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஊரார் வைத்த பெயர், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதைநாயகன் ராபின் ஹூட்டுடையது.

அந்தச் சூத்திரத்தின் அடித்தளமான ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019-இல் 6,160 டாலர். 2025 வரை அதே 6,160 தான். இடையில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பஸ் ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, மின்கட்டணம் எதுவும் 2019-இல் நிற்கவில்லை. மாநிலத்திடம் பணம் இல்லையா என்றால், 2023-இல் 3,000 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தது. அந்த ஆண்டு பள்ளி நிதி உயர்வையும், பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கான அரசு உதவித்தொகையையும் ஒரே மசோதாவில் முடிச்சுப் போட்டார்கள். உதவித்தொகைப் பகுதியை நீக்க நவம்பரில் கீழவை 84க்கு 63 என்று வாக்களித்தது. ஆளுநரின் சொந்தக் கட்சியிலிருந்தே 21 பேர் அதில் சேர்ந்துகொண்டார்கள். அதோடு மசோதாவே படுத்துவிட்டது. இரண்டு யானைகள் மோதியதில் நசுங்கியது வகுப்பறை.

2025-இல் ஒருவழியாக 850 கோடி டாலர் வந்தது. மறுக்கவில்லை, ஆசிரியர் சம்பளத்துக்கு அது நல்லது. ஆனால் அடிப்படை ஒதுக்கீடு உயர்ந்தது வெறும் 55 டாலர். அதே கூட்டத்தொடரில் தனியார் பள்ளி உதவித்தொகைக்கு 100 கோடி ஒதுக்கினார்கள்.

இப்போது நண்பரின் "அரசு கொடுக்கும்" என்ற பதிலுக்கு வருகிறேன். இந்தப் படத்தை டெக்சஸ் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. 2006-இல் பள்ளி வரி விகிதத்தை 100 டாலர் மதிப்புக்கு 1.50 என்பதிலிருந்து 1 டாலருக்குக் குறைத்தார்கள். பள்ளம் விழாமல் இருக்க, வணிக நிறுவனங்கள் மீது ஒரு புதிய வரியைக் கொண்டுவந்தார்கள். அந்த வரி எதிர்பார்த்த அளவுக்கு வசூலாகவில்லை. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 2011-இல் சட்டமன்றம் பள்ளி நிதியிலிருந்து சுமார் 540 கோடி டாலரை வெட்டியது. ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. 600-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் வழக்குத் தொடுத்தன. மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல், குறைகள் இருந்தாலும் அரசியல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை இந்த முறை எட்டிவிடுகிறது என்று சொல்லிவிட்டது. வரி குறைந்தபோது கைதட்டிய பெற்றோரின் பிள்ளைகள்தான் ஐந்து ஆண்டுகள் கழித்து நெரிசலான வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

சொத்து வரிதான் நியாயமானது என்று நான் வாதாடவில்லை. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் வழக்காடியதே அந்த அநியாயத்தை எதிர்த்துத்தான். ஏழைப் பகுதியில் எவ்வளவு வரி போட்டாலும் பணம் தேறாது. 1973-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று கைவிரித்தது. 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம்தான் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. ஆகவே மாநிலமே முழுப் பொறுப்பையும் ஏற்பது கொள்கை அளவில் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் எதை வைத்து ஏற்கும்? டெக்சஸில் வருமான வரி கிடையாது. 2019-இல் அதை அரசியல் சட்டத்திலேயே தடை செய்துவிட்டார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் விற்பனை வரி. மந்தம் வந்தால் முதலில் சுருங்குவதும் அதுதான். விற்பனை வரியை ஏற்றினால், இந்தச் சலுகையே கிடைக்காத வாடகைக் குடித்தனக்காரர் கடையில் நின்று என் வீட்டுக்கான வரியைக் கட்டுவார்.

நம்மவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. இங்கே நிதி கணக்கிடப்படுவது சேர்ந்திருக்கும் பிள்ளைகளை வைத்து அல்ல, சராசரி தினசரி வருகையை வைத்து. டிசம்பரில் டிக்கெட் மலிவு என்று பத்து நாள் முன்பே ஊருக்குக் கிளம்பி, பொங்கல் முடித்துத் திரும்புகிறோமே, அந்த நாள்களுக்கான பணம் பள்ளிக்கு வராது. ஆசிரியருக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு மட்டும் குறையாது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வரிக் குறைப்பு மசோதா வரட்டும். அதில் நான் தேடப்போவது ஒரே ஒரு வாசகம்தான்: அடிப்படை ஒதுக்கீடு விலைவாசியோடு தானாக உயரும் என்பது. அது இல்லாவிட்டால், சாதாரணமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் மட்டும் கூடும் சட்டமன்றத்தின் மனநிலையை நம்பி நம் பள்ளிகள் நிற்க வேண்டியிருக்கும். அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரியில். விசாவில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை என்பது தெரியும். ஆனால் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேச வாக்குரிமை தேவையில்லை.

குழுவில் 2011 கதையை நேற்றே போட்டேன். நண்பர் படித்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் சாட்சி. பதில் இன்னும் வரவில்லை.