கேள்வி கேட்டா சிவப்பு மையா?

"வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்கிறான். பெற்றோர் கண்டித்து அனுப்பவும்."

நேத்து பையன் டைரியில வந்த குறிப்பு. சிவப்பு மை. அடியில நான் கையெழுத்துப் போடணுமாம்.

போட மாட்டேன். அதே நேத்து மத்தியானம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில நான் கணக்குப் பாக்குற கொலுசுக் கடையில நடந்ததைக் கேளுங்க.

புதுசா சேர்ந்த பொண்ணு. பிளஸ் டூ காமர்ஸ்ல 600க்கு 571, அப்புறம் பி.காம். விஜயவாடா பார்ட்டிக்கு எட்டு கிலோ கொலுசுக்கு பில் போடச் சொன்னேன். கொலுசுக்கு ஜிஎஸ்டி வரி மூணு சதவீதம். வெளி மாநிலம்னா அந்த மூணு சதவீதமும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விக்கிறதுக்கான வரி. அவ மத்திய அரசுக்கு ஒன்றரை சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு ஒன்றரை எஸ்ஜிஎஸ்டின்னு உள்ளூர் பில்லைப் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா. தொகை என்னவோ ஒண்ணுதான், ஆனா அந்த பில்லை வெச்சு அவர் ஆந்திராவுல இன்புட் எடுக்கவே முடியாது, அதாவது இங்க குடுத்த வரியைத் தன்னோட வரியில கழிச்சுக்க முடியாது. உடனே போன். மனுஷன் கத்துறார், இவ போனைக் காதுல வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா. "தப்பாயிடுச்சுங்க, மாத்தி அனுப்புறேன்." மூணே வார்த்தை. வாயில வரலை. நான்தான் வாங்கிப் பேசினேன்.

அப்புறம் ஆர்டர் சீட்டை எடுத்துப் பாத்தா, விஜயவாடாங்கற பேருக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு கேள்விக்குறி! சந்தேகம் வந்திருக்கு. நாலடி தள்ளி நான் உக்காந்திருக்கேன்.

"ஏம்மா கேக்கலை?"

"திட்டுவீங்கன்னு நெனச்சேங்கண்ணா."

வயிறு எரிஞ்சுது. அவ மேல இல்ல. ஐஜிஎஸ்டின்னா என்னன்னு கேட்டேன், மூச்சு விடாம ஒப்பிச்சா. பதினொண்ணாம் வகுப்பு வணிகவியல் புத்தகத்துல ஜிஎஸ்டி பாடம் இருக்கு. பன்னெண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியல்ல, கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற சாப்ட்வேர் டேலியே பாடமா இருக்கு. புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். டேலியை, கம்ப்யூட்டர் பக்கமே விடாம, ரெண்டு மார்க் அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ண வெச்சாங்களே, அவங்களைத்தான் சொல்றேன். பதினொண்ணாம் பாடத்தையே நடத்தாம ரெண்டு வருஷமும் பன்னெண்டையே உருப்போட வெச்ச பள்ளிக்கூடங்களை நாம பாக்காததா? அதை நிறுத்தத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. பிள்ளைங்க ரெண்டு பரீட்சைக்கு உருப்போட்டாங்க, அவ்வளவுதான்.

கையைக் கட்டு, வாயில விரலை வை, சந்தேகம் கேட்டா "நான் நடத்துறப்ப எங்கே பாத்துட்டிருந்தே?" பன்னெண்டு வருஷம் இப்படி அடக்கிட்டு, ஆண்டு விழா மேடையில ஏறி, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லன்னு பேசுறாங்க. அந்த வாயை அடைச்சது யாரு?

பையன் அப்படி என்னதான் கேட்டான்னு விசாரிச்சேன். அஞ்சாங் கிளாஸ். "ஏற்காட்டுக்கு ஏறுறப்ப சூரியனுக்குக் கிட்டதானே போறோம், அப்புறம் ஏன் மிஸ் குளிருது?"

இதுக்குக் கண்டிக்கணுமாம். டைரியை வெறுமனேதான் திருப்பி அனுப்பப் போறேன். அந்த டைரிக்குன்னு தனியா 150 ரூபா வேற வாங்கினாங்க.