‘மக்கும் பை கடலில் கரைந்துவிடும்’ என்ற தகவல் தவறு

“சோள மாவில் செய்த பை கடலில் விழுந்தால் சில நாளில் கரைந்து மீனுக்கு உணவாகிவிடும், தைரியமாக வீசலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மை அதுவல்ல.

சோளத்திலிருந்து வரும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) வகைப் பிளாஸ்டிக் மக்குவதற்கு ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் சூடும் ஈரமும் நுண்ணுயிரிகளும் வேண்டும். இவை குப்பையை மக்கவைத்து உரமாக்கும் தொழில்முறை உரக்கிடங்கில் கிடைக்கும். குளிர்ந்த கடல்நீரில் கிடைக்காது. சில பைகளில் அச்சிட்டிருக்கும் ‘இஎன் 13432’ என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் அந்த உரக்கிடங்குச் சோதனைக்கானதுதான், கடலுக்கானது அல்ல.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ‘மக்கும்’ என்று விற்ற ஒரு பை கடலில் மூன்று ஆண்டுகள் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது! வேறொரு வகை, உரமாகும் பை, மூன்றே மாதத்தில் கண்ணுக்கு மறைந்தது நிஜம். ஆனால் அது என்னவாகச் சிதைந்தது என்பதற்கு மேலும் ஆய்வு தேவை என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். ‘மீன் உணவு’ என்பது யாரோ சேர்த்த மசாலா.

புதுப் பொருள்களைக் குறை சொல்லவில்லை; உரக்கிடங்குக்குப் போனால் அவை பயன்படும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2015 அறிக்கையும் மக்கும் பிளாஸ்டிக் கடலில் எளிதில் மக்காது என்பதைப் பேசுகிறது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.