வயதும் உடல்நலிவும் ஒன்றல்ல

எண்பதைக் கடந்த நோயாளர் அனைவருக்கும் மருத்துவமனை விடுதியில் ஒரே அளவு தாதியர் பராமரிப்பு வேண்டும், வயதைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியன்று. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் முதியோருக்கென உருவாக்கப்பட்ட, 1 முதல் 9 வரையான உடல்நலிவு அளவுகோலில் வயதுக்குப் புள்ளியே இல்லை. நோய்ப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்னர் அவர் தாமாகவே குளித்து, உடுத்து, கடைக்குப் போய்வந்தாரா என்பதே அங்கு கவனிக்கப்படுகிறது. கல்லடியில் எங்கள் பெரியப்பா 84 வயதிலும் கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டுச் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார் (தடுத்தால் கோபிப்பார்). அவரைவிட மிக இளையவரான அயலவருக்கோ கட்டிலைவிட்டு எழும்பவே இருவர் வேண்டும். அந்த அளவுகோல் இணையத்தில் படங்களுடன் கிடைக்கிறது. உங்கள் வீட்டு முதியவருடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.