குரூப்ல போடுங்க மேடம்

செவ்வாய்க்கிழமை நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: லேப் டிப் துணித் துண்டை எடுத்துக்கொண்டு, நிறம் சரியா என்று கேட்கக் கீழே ஒருவரிடம் நேரில் போய் நின்றேன். மீதியை முந்தைய பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள், முழுக்க மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. எதிரே நிற்கிற ஆளிடம் வாயைத் திறக்காமல், என் கண்முன்னாலேயே போனை எடுத்து "குரூப்ல போடுங்க மேடம்" என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் டைப் செய்கிற மரியாதையை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வேறு.

அந்தப் பதிவில் நான் சொன்னதும் இனி சொல்லப்போவதும் ஒன்றுதான். முதலில் பேசுங்கள், பேசி முடித்ததை எழுதுங்கள். மெசேஜே வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? கமென்டில் பாதிப் பேர் நான் புறா விடச் சொன்ன மாதிரி சண்டைக்கு வருகிறார்கள்.

லேப் டிப் என்றால் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பையர், அதாவது நம்மிடம் ஆர்டர் கொடுக்கிற கம்பெனி, கேட்ட நிறத்தைச் சாயப்பட்டறையில் முதலில் சின்னத் துண்டுத் துணியில் ஏற்றி, ஏ, பி, சி என்று அனுப்புவார்கள். அதை லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டியில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றில் பொருந்துகிற ஷேட் இன்னொன்றில் பல்லிளிக்கும். இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு "ஓகேவா?" என்று கேட்டால் என்ன சொல்வது? என் போனில் தெரிகிற நீலமும் உங்கள் போனில் தெரிகிற நீலமும் ஒன்றா?

பழைய கம்பெனியில் மேனேஜர் ஒருவர் இப்படி வந்த போட்டோவுக்குக் கட்டைவிரல் போட்டார். பட்டறையில் அதை அப்ரூவல் என்று எடுத்துக்கொண்டு அந்த லாட் துணி முழுவதற்கும் சாயம் ஏற்றிவிட்டார்கள். "பார்த்துட்டேன்னு சொல்லத்தான் போட்டேன்" என்றார் அவர். திட்டு விழுந்தது, பையருக்கும் பட்டறைக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் எனக்கு. "சார், ஏவா பியா?" என்று பட்டறையிலிருந்து ஒரு போன் வந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயியும் இதையேதான் சொன்னார். ஆளிவிதை ஒப்பந்தம் போனில் வந்தது, கட்டைவிரல் போட்டார், கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன் என்றார். அது சம்மதம்தான் என்று 2023-இல் தீர்ப்பாகி, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். நம் குரூப்பில் ஒரு நாளைக்கு எத்தனை கட்டைவிரல் விழுகிறது, எண்ணிப் பாருங்கள்.

"ரெக்கார்டு வேண்டாமா?" என்று கமென்டில் கேட்கிறார்கள். வேண்டும். பேசிவிட்டு ஒரு வரி எழுதினால் அதுவும் ரெக்கார்டுதான். ஆனால் இப்படிக் கேட்கிறவர்களில் பலருக்கு வேண்டியது ரெக்கார்டு இல்லை, பழி வந்தால் காட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட்.

"எழுதினாலே புரியுமே?" புரியும் என்று எழுதுகிறவர் நினைக்கிறார். 2005-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கிண்டலாகச் சொன்னதா நிஜமாகவே சொன்னதா என்று ஈமெயிலில் படித்துச் சரியாகக் கண்டுபிடித்தது பாதிக்குக் கொஞ்சம் மேல், குரலில் கேட்டபோது கிட்டத்தட்ட முக்கால்வாசி. எழுதினவர்களோ நாம் சொன்னது தெளிவாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வேலை நடுவே போய்ப் பேசினால் கவனம் சிதறும் என்கிறீர்கள். சரி, சிதறும். நாள் முழுக்க டிங் டிங் என்று அடித்தால் சிதறாதோ?

ஒரு தங்கை எழுதியிருந்தாள்: "நேர்ல ஒரு மாதிரி பேசுற ஆளுங்க எழுத்துல அடக்கமா இருக்காங்க அக்கா." அது நிஜம். என்னிடம் பதில் இல்லை. நீ எழுத்திலேயே வை.

அப்புறம், பழைய காலத்து ஆள் என்று என்னைக் கமென்டில் கிண்டலடித்த அந்த "பூமர்". வாட்ஸ்அப் ஆரம்பித்ததே 2009-இல்தான் தம்பி. அதற்கு முன்னாலும் இந்த ஊரிலிருந்து கன்டெய்னர் போய்க்கொண்டுதான் இருந்தது.

அப்பா தவறிப்போய் நான் திரும்ப வேலைக்கு வந்தபோது, குரூப்பில் கூப்பிய கைகள் நிறைய இருந்தன. பக்கத்து டேபிள்காரரும் போட்டிருந்தார். அவர் அன்று முழுவதும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேன்டீன் அக்காவிடம் போனே கிடையாது, அவர்தான் வந்து "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டார். லேப் டிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நாளைக்கும் துணித் துண்டை எடுத்துக்கொண்டு கீழே வரத்தான் போகிறேன். மெமோ கொடுப்பதென்றால் கொடுங்கள். அதையாவது கையில் கொடுங்கள்.